பழைய துப்பாக்கிக் குழல்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வியின் சாரம் இது. குடும்பத்தில் வழிவழியாக வந்த பக்கவாட்டு இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி ('போர்' என்பது குழல்துளையின் அளவு எண்). இடது குழலில் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு நெளிவு. இரண்டு குழல்களிலும் சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) முன்னால் துரு தின்ற குழிகள். ஒரு பட்டறைக்காரர் "நெளிவை எடுத்து, உள்ளே தேய்த்து மெருகேற்றித் தருகிறேன்" என்கிறார். இன்னொருவர் "குழலையே மாற்றிவிடுங்கள், இதில் கை வைப்பது வீண்" என்கிறார். யார் சொல்வது சரி?

அளந்து பார்க்காமல் சொல்லியிருந்தால் இரண்டு பேருமே சரியில்லை. பழைய குழலைப் பற்றிய முடிவு கண்ணால் எடுக்கிற முடிவு அல்ல. உள்ளே கண்ணாடிபோல மின்னுகிற குழல் தாளாகத் தேய்ந்திருக்கலாம். கன்னங்கரேலென்று குழி விழுந்த குழல் இன்னும் பல்லாண்டு தாங்கும் தடிமனோடு இருக்கலாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த இடத்தில் எவ்வளவு உலோகம் மிச்சம் இருக்கிறது? மின்னுகிற குழலைப் பார்த்தால் நான் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்படுவேன். நூறு வயதுத் துப்பாக்கியின் உள்பக்கம் புதுசுபோல இருக்கிறது என்றால், யாரோ ஒருவர் அங்கிருந்து உலோகத்தைச் சுரண்டி எடுத்திருக்கலாம் என்று அர்த்தம்.

முதலில் துப்பாக்கி காலியா என்று பாருங்கள். மடக்கும் துப்பாக்கியில் இது எளிது. வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியாக இருந்தால் இதை ஒரு சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவரில் பல தலைமுறை தொங்கிய துப்பாக்கிக்குள் மருந்தும் ரவையும் அப்படியே இருப்பது அபூர்வம் அல்ல. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை ஆண்டானாலும் பற்றும். ஒரு மரக்குச்சியை வாய் வழியாக முட்டும்வரை விட்டு, வாய் விளிம்பில் அடையாளம் போடுங்கள். அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி தீத்துளைக்கு நேராக வந்தால் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதைச் சூடாக்கியோ துளைபோட்டோ எடுக்க முயலாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இனி அளவுகள். பட்டறைப் பேச்சில் ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய 40 தௌ சேர்ந்தால் 1 மி.மீ. இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று, குழலின் உள்விட்டத்தை நீளம் முழுக்க அளக்கிற டயல் போர் கேஜ். மற்றொன்று, சுவர்த் தடிமனை அளக்கிற கேஜ்: நீண்ட கம்பி குழலுக்குள் நிற்க, டயலின் முனை வெளியே தொட்டபடி குழலைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். இரண்டாவது கருவி இல்லாத பட்டறைக்கு இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். உள்விட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. பழைய குழல்களில் உள்துளையும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு பக்கம் 34 தௌ, நேர் எதிர்ப்பக்கம் 22 தௌ என்று இருக்கும். சராசரி 28 என்று எழுதி மகிழ்வதில் பயனில்லை. குழல் வெடிப்பது சராசரியில் அல்ல, மெலிந்த பக்கத்தில்தான்.

12 போர் பக்கவாட்டுத் துப்பாக்கிக்கு வல்லுநர்கள் பொதுவாக ஒப்புக்கொள்கிற கீழெல்லை, குழலின் மெல்லிய முன்பகுதியில் 20 தௌ, அதாவது அரை மில்லிமீட்டர். சேம்பர் முடிகிற இடத்தில் 90 முதல் 100 தௌ வரை எதிர்பார்க்கலாம். காரணம் எளிது. மருந்து பற்றியதும் அழுத்தம் முதல் ஓரிரு அங்குலத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு, ரவை முன்னேற முன்னேறச் சரிந்துவிடுகிறது. அதனால் 21 தௌ என்ற அதே எண் வாய்ப்பக்கம் இருந்தால் கவலை இல்லை. சேம்பரிலிருந்து நான்கைந்து அங்குலத்துக்குள் இருந்தால் அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது.

உள்விட்டத்தில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பிரிட்டிஷ் துப்பாக்கி என்றால் குழலின் அடித்தட்டையில் அழுத்தச் சோதனை முத்திரைகள் இருக்கும். லண்டனில் இந்தச் சோதனையைச் செய்யும் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இல் அரசப் பட்டயம் பெற்றது. பர்மிங்காமில் ப்ரூஃப் ஹவுஸ் என்னும் சோதனை நிலையம் 1813இல் சட்டத்தின் வழியே அமைந்தது. குழலில் வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து கெட்டித்துச் சுட்டு, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். அப்போது சேம்பர் பக்கத்திலிருந்து 9 அங்குலத்தில் இருந்த உள்விட்டத்தையும் பதிவு செய்வார்கள். 1954க்கு முந்தைய முத்திரைகளில் அது போர் எண்ணாக இருக்கும்: 13 என்றால் 0.710 அங்குலம், 13/1 என்றால் 0.719, 12 என்றால் 0.729, 12/1 என்றால் 0.740. தேய்மானத்தாலோ தேய்த்ததாலோ உள்விட்டம் அடுத்த படியைத் தொட்டுவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. மறுசோதனை ஆகாமல் அங்கே விற்கவும் முடியாது. அதற்குப் பிந்தைய, 1989க்கு முந்தைய முத்திரைகளில் விட்டமே அங்குலத்தின் தசம எண்ணாக இருக்கும்; அதிலிருந்து 10 தௌ கூடினால் செல்லாது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த எண் பயன்படும். துப்பாக்கி பிறந்தபோது இருந்த அளவு அது. இப்போதைய அளவிலிருந்து அதைக் கழித்தால் இதுவரை எவ்வளவு சுரண்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உங்கள் இடது குழலை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். முத்திரை 12, அதாவது 0.729. இப்போது அளந்தால் 0.733. மெலிந்த இடத்தில் சுவர் 27 தௌ. ஆழமான குழி 5 தௌ. அந்தக் குழி மறையும்வரை தேய்த்தால் சுவரில் 5 தௌ போய் 22 மிஞ்சும். தடிமன் கணக்கில் தேறிவிடும். ஆனால் சுவரில் 5 போனால் விட்டத்தில் 10 கூடும். 0.743 ஆகிவிடும். 0.740ஐத் தாண்டியாயிற்று, சோதனை செல்லாது. இதே குழலில் குழிகளைப் பாதி ஆழத்துக்கு மட்டும் தேய்த்தால் 0.738இல் நிற்கும், சுவர் 24 தௌவுக்கு மேல் இருக்கும். பட்டறைக்காரர் "முழுக்க மெருகேற்றித் தருகிறேன்" என்று சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

குழிகளை முழுக்க எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. நடுக்குழலிலும் வாய்ப்பக்கமும் ஆழமில்லாத குழிகள் ரவை பாய்வதைக் கெடுப்பதில்லை. புகைக்கசடு அதிகம் ஒட்டும், துடைக்க நேரமாகும், அவ்வளவுதான். தளர்ந்த துருவை எண்ணெயும் பித்தளைப் பிரஷும் கொண்டு எடுத்துவிட்டு, அளந்து எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். சேம்பரிலும் அதற்கு முன்னால் குழல் குறுகுகிற சரிவிலும் இருக்கிற குழி வேறு கதை. அங்கே ஒவ்வொரு குழியும் உச்ச அழுத்தத்துக்கு நடுவே ஒரு வெட்டுத்தழும்பு. விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். கூர்மையான அடியுள்ள ஆழமான குழி அகலமான மேலோட்டமான குழியைவிட மோசம்.

இந்தக் குழிகள் ஏன் வந்தன என்று தெரிந்தால் மேற்கொண்டு வராமல் தடுக்கலாம். பழைய தோட்டாக்களின் பற்றுக்கிண்ணத்தில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சமையல் உப்பின் உறவுக்காரன். காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெயை மட்டும் தடவி வைத்த துப்பாக்கிகள் குழி விழுந்ததற்கு இதுதான் காரணம். பழைய தோட்டா சுட்டால் முதலில் வெந்நீர், பிறகு நன்றாக உலர்த்தல், கடைசியில்தான் எண்ணெய்.

நெளிவு விஷயத்துக்கு வருவோம். குழலை வெளிச்சமான சுவரையோ ஜன்னலையோ நோக்கிப் பிடித்து, கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். உள்ளே வட்டம் வட்டமாக நிழல் தெரியும். நெளிவு இருக்கிற இடத்தில் வட்டம் ஒரு பக்கம் உடையும். பிதுக்கம் இருந்தால் முழு வட்டமாக ஒரு கரிய வளையம் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் வைத்தியம் வேறு வேறு.

நெளிவில் உலோகம் தொலையவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் பெரும்பாலான நெளிவுகளை எடுத்துவிடலாம். உள்ளே அந்த இடத்து விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் உருளைக் கட்டையைச் சேம்பர் வழியாக விட்டு, ஒரு தௌ ஒரு தௌவாகப் பெரிய கட்டைகளை மாற்றிக்கொண்டே வருவார்கள். வெளியே நெளிவின் விளிம்பைச் சின்னப் பித்தளைச் சுத்தியலால் மெல்லத் தட்டுவார்கள், நடுவில் அல்ல. எண்ணெய் அழுத்தத்தில் விரிகிற கருவியும் உண்டு. கைதேர்ந்தவர் செய்தால் தடம் தெரியாது; மேல்பூச்சு மட்டும் அந்த இடத்தில் திரும்பப் போட வேண்டியிருக்கலாம்.

இது பொய்த்துப்போகிற இடங்கள் நான்கு. நெளிவு மடிப்புபோலக் கூர்மையாக இருந்தால் நிமிர்த்தும்போது விரிசல் விடும். இரண்டாவது, இரண்டு குழலையும் இணைக்கிற மேல்பட்டையை ஒட்டியிருந்தால் சுத்தியலுக்கு இடமில்லை. பட்டையைக் கழற்ற வேண்டும், செலவு பல மடங்காகும். மூன்றாவது, நெளிவோடேயே பல ஆண்டு சுட்டிருந்தால் உள்ளே துருத்திய மேட்டை ரவை உரசி உரசித் தேய்த்திருக்கும். நான்காவதுதான் மிகவும் மோசம்: முன்பு யாரோ நெளிவை நிமிர்த்தாமல், உள்மேட்டை ராவியோ வெளிப்பள்ளத்தைச் சுற்றி அரம் போட்டோ "சரி" செய்திருப்பார். வெளியே பார்த்தால் மழமழவென்று அழகாக இருக்கும், அந்த இடத்தில் சுவர் 12 தௌ இருக்கும். கண்டுபிடிக்க, ஒரு நேர்கோலைக் குழலின் நீளவாட்டில் வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். கோலுக்கும் குழலுக்கும் நடுவே நீளமான மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிந்தால் அரம் போட்டிருக்கிறார்கள். நெளிவை எடுப்பதற்கு முன்பே அந்த இடத்தின் தடிமனை அளக்கச் சொல்வது இதனால்தான். 20க்குக் கீழே இருந்தால் நெளிவை எடுத்தும் பலன் இல்லை.

எடுக்கிறவரை அந்தக் குழலில் சுடவே வேண்டாம். ரவையும் அதன் பின்னால் வரும் அடைப்பானும் மேட்டில் மோதும்போது அதற்கு அடுத்தாற்போல் பிதுங்கிவிடும். இன்றைக்குச் சின்ன வேலையாக இருப்பது நாளைக்குப் பெரிய வேலையாகிவிடும்.

பிதுக்கம் என்றால் உலோகம் இழுபட்டு மெலிந்திருக்கிறது. குழலுக்குள் சேறு, பனிக்கட்டி, துடைக்கும் துணி, முந்தைய தோட்டாவின் அடைப்பான் என்று ஏதோ ஒன்று அடைத்திருக்க, அதை அறியாமல் சுட்டிருப்பார்கள். 12 போரில் தவறிப்போன 20 போர் தோட்டா இதில் பேர்போன வில்லன்: சேம்பரைத் தாண்டி வழுக்கிக் குழலில் உட்கார்ந்துகொள்ளும், பார்த்தால் சேம்பர் காலியாகத் தெரியும், பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். பிதுக்கம் வாயிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள் மெல்லியதாக இருந்தால் உள்ளே கட்டை வைத்து வெளியே தட்டி இறக்குவது உண்டு. பார்வைக்குச் சரியாகும், இழுபட்ட உலோகம் பழைய நிலைக்கு வராது. தடிமன் அளந்து, விரிசல் பார்த்து, அதன் பிறகே சுடலாம். நடுக்குழலில் முழுவளையப் பிதுக்கம் என்றால் பட்டையைக் குழலோடு ஒட்டியிருக்கும் பற்றாசும் விட்டிருக்கும். அந்தக் குழலைப் பழுது பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சேம்பர் பக்கம் பிதுங்கியிருந்தால் பேச்சே இல்லை. குழல் போயிற்று, குழலை மூடிப் பிடிக்கும் பூட்டுப்பகுதியையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

வாயை வெட்டிக் குட்டையாக்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். ரவையைக் குவிக்கிற சோக் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில்தான் இருக்கிறது. வெட்டினால் அது போய்விடும். எடைச் சமநிலை கெடும். சட்டமும் குறுக்கே நிற்கும்: குறைந்தபட்ச நீளம் அமெரிக்காவில் ரவைத் துப்பாக்கிக்கு 18 அங்குலம், பிரிட்டனில் 24 அங்குலம். உங்கள் நாட்டு விதியை முதலில் பாருங்கள். குழலை மாற்றுவதற்கும் உரிமத்தில் பதிவு தேவைப்படலாம்.

ஓசைச் சோதனை ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. குழல்களை மட்டும் தனியே கழற்றி, அடிக்கொக்கியில் விரலையோ நூலையோ மாட்டித் தொங்கவிட்டு நகத்தாலோ பென்சிலாலோ சுண்டுங்கள். கோயில் மணிபோல் நீண்டு ஒலித்தால் பட்டைகள் முழுக்கப் பிடித்திருக்கின்றன. கரகரவென்று அடங்கினால் எங்கேயோ பற்றாசு விட்டிருக்கிறது. பட்டையைத் திரும்பப் பற்றவைப்பது வழக்கமான வேலைதான், ஆனால் எனக்குக் கவலை அதுவல்ல. விட்ட இடுக்கில் பல ஆண்டு ஈரம் புகுந்து குழலை வெளிப்பக்கமாகத் தின்றிருக்கும். பட்டை மூடியிருப்பதால் தடிமன் கேஜ் அங்கே எட்டாது. எல்லா அளவும் நன்றாக இருந்து ஓசை மட்டும் கெட்டிருந்தால், பட்டையைக் கழற்றிப் பார்த்த பிறகே "சுடலாம்" என்று சொல்ல முடியும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பட்டைகளைப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்பற்றாசு. 183 டிகிரி செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். "புதுசுபோல நீலமாக்கித் தருகிறேன்" என்று காரத்தொட்டியில் கொதிக்க வைக்கும் பட்டறை உண்டு. அந்தத் தொட்டியின் சூடு 140 டிகிரி சுற்றுவட்டாரம்தான், பற்றாசு உருகாது. ஆனால் காரம் பற்றாசை அரித்துவிடும், இடுக்கில் தங்கிய உப்பு பிறகு உள்ளேயிருந்து துருவாக்கும். பக்கவாட்டு இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துருவேற்றித் தேய்க்கிற பழைய முறைதான் ஏற்றது. அதேபோல விரிசலையோ ஓட்டையையோ வெல்டிங் வைத்து அடைக்கிறேன் என்பவரிடமிருந்து துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வெல்டிங் சூடு சுற்றியுள்ள எஃகின் குணத்தையே மாற்றிவிடும். விரிசல் விட்ட குழலுக்குப் பழுது பார்ப்பது என்று ஒன்று கிடையாது.

குழலில் அலை அலையாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ், அதாவது இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றி அடித்து ஒட்டியது. சாதாரண எஃகில் கோலத்தை அச்சிட்ட போலிகளும் உண்டு. டமாஸ்கஸ் என்றாலே தூக்கிப்போடு என்பது மிகை. புகையில்லா மருந்துக்கான நைட்ரோ சோதனையில் தேறிய டமாஸ்கஸ் துப்பாக்கிகள் பிரிட்டனில் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒட்டுக்கோடுகளுக்குள் கசடு தங்கி உள்ளிருந்து அரிப்பு ஓடும். விரிசல் காட்டும் சாயச் சோதனையில் ஒட்டுக்கோடும் விரிசலும் ஒன்றுபோலத் தெரியும். நெளிவெடுக்கும்போது ஒட்டு வாய்திறக்கலாம். இதற்கென்றே பழகிய கை வேண்டும். நைட்ரோ முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது, குழல் எவ்வளவு கனமாக இருந்தாலும் சரி.

சேம்பர் நீளத்தையும் அளக்காமல் விடாதீர்கள். பழைய 12 போர்களில் பெரும்பாலானவை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு (65 மி.மீ.) வெட்டப்பட்டவை. இன்று கடையில் கிடைப்பது இரண்டே முக்கால் (70 மி.மீ.). தோட்டாவின் நீளம் என்பது சுட்டு வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். அதனால் நீளத் தோட்டா குட்டை சேம்பருக்குள் நுழைந்துவிடும், விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இதற்காக யாராவது சேம்பரை நீட்டியிருந்தால், சுவர் தடிமனாக இருக்க வேண்டிய இடத்திலேயே உலோகத்தை எடுத்திருக்கிறார்கள்.

சரி, பழுது பார்க்க இடமில்லை என்று அளவு சொல்லிவிட்டது. மாற்றுவது என்றால் புதுக்குழல் மட்டும் அல்ல. நடுவழிகள் இரண்டு உண்டு.

ஒன்று உள்ளுறை போடுவது. பழைய குழலின் உள்ளே சீராகக் கடைந்து, மெல்லிய எஃகுக் குழாயை நீளம் முழுக்கச் செருகி ஒட்டுவார்கள். பிரிட்டனில் டீக் நிறுவனத்தின் உள்ளுறை பெயர் பெற்றது. வெளித்தோற்றம், செதுக்கல், டமாஸ்கஸ் கோலம் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே மட்டும் அரித்து, வெளியே நன்றாக இருக்கிற குழலுக்குப் பொருத்தம்.

மற்றொன்று சிலீவிங். குழல்களைச் சேம்பர் பக்கத்திலிருந்து ஏறத்தாழ மூன்று அங்குலத்தில் வெட்டிவிட்டு, மிஞ்சிய அடித்துண்டைக் கடைந்து, புதுக் குழாய்களைச் செருகிப் பிடிக்க வைப்பார்கள். கொக்கியும் பூட்டுப் பொருத்தமும் பழையதே என்பதால் துப்பாக்கியோடு புதிதாக இணைக்கிற பெரிய வேலை மிச்சம். இணைப்புக் கோட்டை மறைக்க அதன்மேல் செதுக்கல் வைப்பதும் உண்டு. பிரிட்டனில் சிலீவ் செய்தது என்று முத்திரை குத்தியே ஆக வேண்டும், மறுசோதனையும் கட்டாயம். சேகரிப்பாளர் சந்தையில் மதிப்பு இறங்கும். ஆனால் சுடுவதற்கு, இறந்துபோன குழலை எழுப்ப இதைவிடக் கட்டுப்படியான வழி இல்லை.

முற்றிலும் புதுக்குழல் மூன்றிலும் அதிகச் செலவு. கையால் செய்த துப்பாக்கியில் இன்னொரு துப்பாக்கியின் குழல், அதே நிறுவனம், அதே மாடல் என்றாலும் பொருந்தாது. விளக்குப் புகைக்கரி பூசி, மூடித் திறந்து, கரி பட்ட இடத்தை மட்டும் துளித்துளியாகத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். சந்தையில் அதே பெயருள்ள பழைய குழல் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து மூடிப் பார்த்து, மூடுகிறது என்பதால் சுடுவது ஆபத்து. பூட்டு முகத்துக்கும் குழலுக்கும் நடுவே ஓரிரு தௌ இடைவெளி இருந்தாலே துப்பாக்கி தளர்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் ஒரே அளவாகச் செய்த ரெமிங்டன் 870 போன்ற துப்பாக்கிகளில் குழல் மாற்றுவது வேறு விஷயம். அங்கே பழுது பார்ப்பதே பெரும்பாலும் வீண்செலவு.

ரைஃபிளுக்குக் கணக்கு மாறும். அங்கே சுவர் தடிமன் அரிதாகவே பிரச்சினை. குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களின் நிலைதான் கேள்வி. மென்மையான ஈயக்கட்டியை எண்ணெய் தடவிக் குழல் முழுக்கத் தள்ளி எடுத்து அதன் விட்டத்தை மைக்ரோமீட்டரில் பாருங்கள். தள்ளும்போது கை உணர்வதும் முக்கியம்: திடீரென்று வழுக்கினால் அங்கே பிதுக்கம் அல்லது தேய்மானம், இறுகினால் நெளிவு. 8×57 என்ற தோட்டா அளவில் இந்தச் சோதனை உயிர் காக்கும்: 1888ஆம் ஆண்டு ஜெர்மன் வடிவத்துக்கான குண்டு 0.318 அங்குலம், பின்னால் வந்த வடிவத்துக்கு 0.323. தோட்டா இரண்டு குழலிலும் நுழையும். பெரிய குண்டைச் சின்னக் குழலில் சுட்டால் அழுத்தம் எகிறும். குறி சிதறுகிறது என்றவுடன் குழலை மாற்ற ஓடாதீர்கள். முதலில் வாய் விளிம்பைப் பாருங்கள். பல ஆண்டு வாய்வழியாகத் துடைப்புக்கம்பி விட்டதில் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். விளிம்பை மட்டும் புதிதாக வெட்டினால், அல்லது தேய்ந்த ஓரிரு அங்குலத்தை உள்ளே அகலமாகக் கடைந்துவிட்டால், பெரும்பாலும் குறி திரும்பிவிடும். பழைய ரஷ்ய மோசின் நாகன்ட் ரைஃபிள்களைப் படைக்கலச் சாலைகளிலேயே இப்படிக் கடைந்திருக்கிறார்கள். இருண்டு குழி விழுந்த குழல்கூட நன்றாகச் சுடுவதுண்டு. இலக்கட்டையில் ஐந்து குண்டு போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். குண்டு பக்கவாட்டில் கிழித்த துளை தெரிந்தால்தான் வரி செத்தது. .22க்கு உள்ளுறை மலிவான, நல்ல தீர்வு.

குழலை மாற்றுவதில் அர்த்தமே இல்லாத ரைஃபிள்களும் உண்டு. அமெரிக்கப் படையின் 'ஸ்பிரிங்ஃபீல்ட் 1903' மாடலில் 8,00,000க்குக் கீழான வரிசை எண்கள், ராக் ஐலண்ட் படைக்கலச் சாலையில் செய்ததில் 2,85,507க்குக் கீழானவை, சூடேற்றியதில் தவறு நேர்ந்து உடற்பகுதியே நொறுங்கும் தன்மையுள்ளவை. அதில் எவ்வளவு நல்ல குழலை மாட்டினாலும் பயன் இல்லை.

எந்தப் பழுதுபார்ப்பும் வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். அரிய தயாரிப்பு, வரலாறு உள்ள துப்பாக்கி, மேல்பூச்சு கெடாதது என்றால் நெளிவோடேயே எண்ணெய் போட்டு வைத்துவிடலாம். தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. புதுக்குழல் போட்டாலும் பழைய குழலைப் பட்டறையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, துப்பாக்கியோடேயே வையுங்கள்.

உங்கள் துப்பாக்கிக்கு நான் செய்யச் சொல்வது இது. பட்டறைக்காரரிடம் இரண்டு குழலுக்கும் உள்விட்டம், மெலிந்த பக்கத்தின் சுவர்த் தடிமன், இரண்டையும் ஒவ்வொரு 3 அங்குலத்துக்கும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். 9 அங்குல அளவைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். நெளிவின் இடத்துத் தடிமன், ஆழமான குழி எங்கே, எத்தனை தௌ என்பதும் அதில் வர வேண்டும். நெளிவில் 22க்கு மேல் இருந்து, சேம்பர் சரிவில் குழிகள் மேலோட்டமாகவே இருந்தால் முதல் பட்டறைக்காரர் சொன்னதில் பாதியைச் செய்யுங்கள்: நெளிவை எடுக்கட்டும், மெருகு வேண்டாம். சரிவில் குழி ஆழமாக இருந்து வெளிப்பக்கம் நன்றாக இருந்தால் உள்ளுறை. நெளிவில் 20க்குக் கீழே இருந்தாலோ ஓசை கெட்டிருந்து பட்டைக்கடியில் அரித்திருந்தாலோ சிலீவிங். வேலை முடிந்ததும் அதே தாளில் பக்கத்துப் பத்தியில் புதிய அளவுகளை எழுதி வாங்குங்கள். இரண்டு பத்திக்கும் உள்ள வித்தியாசம் பேசிய அளவைவிட ஒரு தௌ கூடினாலும் சுடுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள்.